பென்சில்வேனியாவும் எங்கடை தபால் பெட்டியும்

தம்பி, இப்பிடிக் கிட்ட வா. அந்தப் போனைக் கீழை வை. வைக்கமாட்டாய், தெரியும். சரி, கையிலையே இருக்கட்டும். காதை மட்டும் எனக்குக் கொஞ்சம் தா.

2024 நவம்பர் 6 காலமை உனக்கு ஞாபகம் இருக்கோ? எனக்கிருக்கு. என்ரை முழங்காலுக்கு இன்னும் நல்லாய் ஞாபகம் இருக்கு. அண்டைக்கு இஞ்சை பலேர்மோவிலை எங்கடை பக்கத்துக்குத் தண்ணி வெட்டுற முறை. விடியப்புறம் குசினிப் பைப்பைத் திறந்தால் 'புஸ்' எண்டு காத்துத்தான் வந்தது. எட்டரை மணிபோலை ஆறு போத்தல் தண்ணிக் கட்டொண்டை வாங்கித் தோளிலை வைச்சுக்கொண்டு மூண்டாம் மாடிக்கு ஏறி வாறன். ரெண்டாம் மாடிப் படியிலை நீ. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கவேண்டிய நேரம். தலையிலை போர்வை. கண் ரெண்டும் கோவைப்பழம்.

"என்னடா மோனை, ஆருக்கும் சுகமில்லையோ?" எண்டு கேட்டன்.

நீ நிமிரேல்லை. "பென்சில்வேனியா போட்டுது அப்பு" எண்டாய்.

எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. ஆர் பெத்த பிள்ளையோ, இந்த வயதிலை போட்டுதே எண்டு தண்ணிக் கட்டைப் படியிலை இறக்கி வைச்சன். பிறகெல்லே விளங்கினது, அது பிள்ளையில்லை, அமெரிக்காவிலை ஒரு மாகாணம் எண்டு. அதுக்கு 19 வாக்காம். அது ட்ரம்பின்ரை பக்கம் விழுந்திட்டுதாம். அதுக்குத்தான் நீ ராமுழுக்க முழிச்சிருந்து செத்தவீடு காத்திருக்கிறாய்.

அந்தத் தண்ணிக் கட்டை மேலை ஏத்த ஒரு கை தந்தனியோ? "அப்பு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, சிக்னல் போகுது" எண்டாய். நானும் தள்ளி நிண்டன். சிக்னலை மறிக்கப்படாது, பாவம்.

நான் அரசியல் தெரியாத ஆளெண்டு நினைக்காதை, ராசா. பருத்தித்துறைத் தேத்தண்ணிக் கடை வாங்கிலை இருந்து மூண்டு பிரதமரை நான் இறக்கியிருக்கிறன், ஒரு பிளேன்டீக் காசிலை. அதாலை உன்ரை வருத்தம் என்னெண்டு எனக்கு விளங்கும். அமெரிக்கத் தேர்தல் நல்ல கூத்துத்தான். நீ அண்டைக்கு விளங்கப்படுத்தினாய்: எல்லாமாய் 538, 270 எடுத்தால் ராசா. ட்ரம்புக்கு 312, கமலா அம்மாவுக்கு 226. அப்ப கூடின சனம் ஆருக்குப் போட்டுதோ அவர்தானே வெல்லுவார் எண்டு நான் கேட்டன். இல்லையாம். 2016 இலை ஹிலரி அம்மாவுக்கு 28 லட்சத்துக்கு மேலை கூடின வாக்காம், வெண்டது மற்றவராம். இதென்ன நிறுவை? எங்கடை ஊர்ச் சந்தையிலை இப்பிடி நிறுத்திருந்தால் தராசைப் பிடுங்கி அவன்ரை தலையிலையே கவிட்டிருப்பினம்.

அங்கை ஒரு கட்சிக்கு ஆனை, மற்றதுக்குக் கழுதை. ஆனைச் சின்னம் எனக்குப் புதிசே? எங்கடை நாட்டிலை ஐக்கிய தேசியக் கட்சிக்கும் ஆனைதானே. ஆனை ஊருக்குள்ளை வந்தால் ஆரின்ரை வேலி முதல் சரியும் எண்டு எனக்கு நீ சொல்லித் தரத் தேவையில்லை.

கமலா அம்மாவின்ரை தாய்வழிப் பாட்டனாருக்கு திருவாரூர்ப் பக்கம் துளசேந்திரபுரம் ஊர். அவ வெல்லோணும் எண்டு அந்த ஊர்க் கோயிலிலை பூசை செய்தவை. பிழை சொல்லமாட்டன். வெண்டாலும் தோத்தாலும் பிரசாதம் பிரசாதம்தானே? பூசை வைச்சவை கையிலை ஏதோ வாங்கிக்கொண்டு வீட்டை போச்சினம். ராமுழுக்க முழிச்சிருந்த உனக்கு ஒரு பிடி சுண்டலாவது கிடைச்சுதோ?

பிறகு நீ எனக்குப் படம் காட்டினாய். 2025 ஒக்டோபரிலை வெள்ளை மாளிகையின்ரை கிழக்குப் பக்கக் கட்டடத்தை இடிச்சு விழுத்துறாங்கள், விருந்து மண்டபம் கட்ட. அதே மாசந்தான் அங்கை கன அரச கந்தோருக்குப் பூட்டு. சம்பளமில்லாமல் 43 நாள். வீட்டிலை உலை வைக்கேல்லை, விறாந்தைக்கு மாபிள் பதிக்கினம். வெளிநாட்டுக் காசிலை ஊரிலை வீடு கட்டுற எங்கடை ஆக்களை நினைச்சன். அதுவும் கிழக்கு வாசலை இடிக்கிறதே? எங்கடை ஊர்ச் சாத்திரியார் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நீ ட்ரம்பின்ரை பக்கமோ மற்றப் பக்கமோ எண்டு நான் கேக்கேல்லை. கூத்துப் பாக்கிறது குற்றமில்லை. ஆனால் கூத்துப் பாக்கப் போறவன் வீட்டுப் படலையைச் சாத்திப்போட்டெல்லே போகோணும்? ஊருக்கெல்லாம் குறி சொல்லுற பல்லி கூழ்ப்பானைக்குள்ளை துள்ளி விழுந்த கதையாய்ப் போகப்படாது.

சரி, ஒரு சின்னச் சோதினை வைக்கிறன். பலேர்மோவிலை பிறந்தனீ, பலேர்மோத் தண்ணியிலை வளந்தனீ, அதாவது தண்ணி வந்த நாளுகளிலை. இந்த ஊர் சிந்தாக்கோ, அதுதான் மேயர், ஆர்?

"ஓர்லாந்தோ" எண்டாய் பாத்தியே!

உன்னிலையும் பிழையில்லை. லெயொலூக்கா ஓர்லாந்தோ 1985 இலை வந்தார், 90 இலை போனார். 93 இலை திரும்ப வந்தார், 2000 இலை போனார். 2012 இலை இன்னொருக்கா வந்து பத்து வருசம் இருந்தார். எல்லாம் கூட்டினால் 22 வருசம். சிலபேருக்குக் கலியாணமே அவ்வளவு காலம் நிக்கிறேல்லை. ஆனால் 2022 யூனிலை இருந்து கதிரையிலை இருக்கிறது ரொபேர்த்தோ லகல்லா. முந்திப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராய் இருந்த டொக்டர். உன்ரை தெருக் குப்பைக்கு அவரைத்தான் கேக்கோணும், ட்ரம்பை இல்லை.

அந்த 2022 தேர்தல் கதை தெரியுமோ? அமெரிக்கக் கூத்தை விட அது வலு சோக்கு. யூன் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குச் சிந்தாக்கோ தெரியிற நாள். அண்டைக்குத்தான் பலேர்மோவுக்கும் பதோவாவுக்கும் பந்தடி இறுதி ஆட்டம், பார்பெரா மைதானத்திலை. வெண்டால் ரெண்டாம் பிரிவுக்கு ஏறலாம். விடியக் காலமை வாக்குச்சாவடி திறக்கப் போனால் பல சாவடியிலை தலைமை அலுவலரைக் காணேல்லை. வரமாட்டன் எண்டுபோட்டு நிண்டிட்டினம். ஒருத்தர் ரெண்டு பேரில்லை, தொகையான ஆக்கள். சனம் கையிலை வாக்காளர் அட்டையோடை பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிண்டுது. பலேர்மோ ஒரு பெனால்டியாலை 1-0 எண்டு வெண்டுது. ஊரெல்லாம் வெடி. நகரசபையை ஆர் வெண்டது எண்டு கேட்டவையை விட, அந்தப் பெனால்டியை ஆர் அடிச்சது எண்டு கேட்டவைதான் கூட.

அந்தப் பந்தடியை மறந்திடாதை. கடைசியிலை ஒருக்கா அதுக்குத் திரும்பி வருவன்.

இனி என்ரை அளவுகோலைச் சொல்லுறன், கேள். பெரிய படிப்பொண்டும் வேண்டாம். ஒரு நகரசபைக்கு மூண்டு வேலை. உயிரோடை இருக்கிறவனுக்குத் தண்ணி. அவன் திண்டு கழிச்ச குப்பையை அள்ளுறது. அவன் செத்தால் தாக்கிறது. இந்த மூண்டையும் ஒழுங்காய்ச் செய்தால் மிச்சத்துக்கு மேடையிலை என்னத்தையும் கத்தட்டும், நான் கை தட்டுறன்.

இஞ்சை என்ன நடந்தது? தண்ணிக் கதை உனக்கே தெரியும். 2024 இலை மழை பொய்ச்சுது, குளங்கள் வத்திச்சுது, ஒக்டோபரிலை இருந்து முறை வைச்சு வெட்டினாங்கள். மழை பெய்யாதது ஆரின்ரையும் குற்றமில்லை, மெய்தான். ஆனால் ஓட்டைக் குழாயிலை தண்ணி நிலத்துக்குள்ளை போறது வருண பகவானின்ரை குற்றமே? குப்பை பெல்லோலாம்போ மலையிலை இன்னொரு மலையாய் எழும்பி நிக்குது. மூண்டாவதைச் சொல்லவே வாய் கூசுது. பெல்லெக்ரீனோ மலையடியிலை, கடற்கரையோடை, ரோத்தொலி எண்டு சவக்காலை. 2020 தொடக்கம் அங்கை தாக்க இடமில்லாமல் நூற்றுக்கணக்கான சவப்பெட்டி கூடாரத்துக்குக் கீழை அடுக்கிக் கிடந்தது. சுடுற அடுப்பும் பழுது. மாசக் கணக்காய், சிலதுகள் வருசக் கணக்காய். நான் வேலை செய்த வீட்டுச் சிஞோரா, எண்பத்தெட்டு வயது, ஒருநாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "இந்த வருசம் சாகக்கூடாது, வரிசை நீளமாய் இருக்கு" எண்டா. பகிடியாய்த்தான் சொன்னவ. ஆனால் சிரிக்கேல்லை.

1991 இலை பெனீஞ்ஞி நடிச்ச 'ஜொன்னி ஸ்தெக்கீனோ' எண்டொரு படம் வந்தது. அதிலை ஒருத்தர் சிசிலியைக் கெடுக்கிற பெரிய கேடுகளை ஒவ்வொண்டாய்ச் சொல்லிக்கொண்டு வருவார். மாஃபியா எண்டு சொல்லப்போறார் எண்டு எல்லாரும் பாத்திருக்க, கடைசியிலை வாகன நெரிசல் எண்டு முடிப்பார். இந்த ஊர்ச் சனம் அதை இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. தன்னைப் பாத்துத் தானே சிரிக்கிற ஊர் நல்ல ஊர், தம்பி. சிரிச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறதுதான் வில்லங்கம்.

சும்மாவும் இருக்கமாட்டினம். அரிசிச் சோத்தை உருட்டிப் பொரிக்கிறாங்களே, அது இஞ்சை 'அரஞ்சீனா', பெண். அங்காலை கத்தானியாவிலை 'அரஞ்சீனோ', ஆண். ஆணோ பெண்ணோ எண்டு ரெண்டு ஊரும் அடிபடுற அடிபாட்டிலை பாதியைத் தண்ணிக் குழாய்க்குப் பட்டிருந்தால், ஆறு போத்தலோடை என்ரை முழங்கால் மூண்டு மாடி ஏறியிராது.

பாலக் கதை கேட்டியோ? சிசிலிக்கும் பெரிய நிலத்துக்கும் நடுவிலை மெசீனாத் தொடுவாய். அதுக்கு மேலை ஒரு பாலம். நடுவிலை தூணில்லாமல் 3,300 மீற்றர் தொங்கோணும். 1,350 கோடி யூரோ. 2025 ஓகஸ்டிலை அரசாங்கம் ஓம் எண்டுது. ஒக்டோபர் முடிவிலை கணக்காய்வு நீதிமன்றம் பொறு எண்டுது. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலை இருந்து இந்தப் பாலம் 'வரப்போகுது'. மாமியார் வீட்டுச் சீதனக் காணி மாதிரி, கதையிலை மட்டும் வலு வடிவு.

ஆனால் தொடுவாயைக் கடக்கிறது அவ்வளவு கஷ்டமே? கி.மு. 250 வாக்கிலை இதே பலேர்மோ மதிலடியிலை, மெத்தெல்லுஸ் எண்ட ரோமத் தளபதி கார்த்தேஜ்காரரை முறியடிச்சு நூற்றுக்கு மேலை ஆனையைப் பிடிச்சான். அந்த ஆனையளை ரோமாபுரிக்குக் கொண்டு போகோணும். பாலமில்லை. பெரிய மண் சாடியளை வரிசையாய் அடுக்கிக் கட்டி, மிதவை செய்து, ஆனையளை அக்கரைக்கு ஏத்திப் போட்டான். பழைய ரோம எழுத்தாளன் பிளீனி எழுதி வைச்ச கதை. ஆலோசனைக் குழுவில்லை, வரைபடக் கண்காட்சியில்லை. சாடி, கயிறு, புத்தி. சின்னத்திலை நிக்கிற ஆனையை விடு, ராசா. தொடுவாய் கடந்த ஆனையைப் படி.

தேசிய அரசியலுக்கு வருவம். 1946 இலை முடியாட்சி போன பிறகு இந்த இத்தாலியிலை வந்த அரசாங்கம் எல்லாமாய் 68. அறுபத்தெட்டாவது மெலோனி அம்மாவின்ரை, 2022 ஒக்டோபரிலை வந்தது. இவ்வளவு அரசாங்கம் மாறியும் எங்கடை சொஜோர்னோக் கடதாசிக்கு, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதிக்கு, வரிசை மாறேல்லை பாத்தியே? 2001 இலை பெர்லுஸ்கோனியின்ரை கூட்டணி சிசிலியின்ரை 61 தொகுதியிலை 61 ஐயும் பிடிச்சுது. அறுபத்தொண்டுக்கு முட்டை! எங்கடை பக்கம் பந்தடியிலை கூட எதிராளிக்கு ஒண்டை விட்டுக் குடுப்பினம், மரியாதைக்கு. முழுக்கக் குடுத்த சிசிலிக்கு என்ன கிடைச்சுது? பைப்பைத் திறந்து பார்.

உன்ரை ட்ரம்ப் 2025 ஜனவரி 20 இலை பதவி ஏக்கிறபோது ஐரோப்பிய ஒன்றியத்திலை இருந்து நேரிலை போன ஒரே அரசாங்கத் தலைவி மெலோனி அம்மாதான். ஆறு மாசம் போச்சுது. ஐரோப்பாச் சாமானுக்கு 15 வீத வரி எண்டு முடிவாச்சுது. போனவைக்கும் 15, போகாதவைக்கும் 15. முதல் பந்தியிலை இருந்தாலும் கடைசிப் பந்தியிலை இருந்தாலும் ஒரே சொதிதான், தம்பி.

இப்ப உன்ரை விசயத்துக்கு வாறன். 2025 யூன் 8, 9 இலை நாடு முழுக்க ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. அதிலை ஒரு கேள்வி எங்களைப் பற்றி: வெளியிலை இருந்து வந்தவன் குடியுரிமை கேக்கப் பத்து வருசம் இருக்கோணும் எண்டதை ஐஞ்சாய்க் குறைக்கலாமோ எண்டு. பாதிக்கு மேலை சனம் வந்து போட்டால்தான் செல்லும். வந்தது நூற்றுக்கு முப்பதுபோலை. எங்கடை சிசிலியிலை அதிலும் குறைவு. போட்டவையிலை கூடப்பேர் ஓம் எண்டுதான் போட்டவை. ஆனால் ஆக்கள் காணாது, செல்லாமல் போச்சுது. மெலோனி அம்மா வாக்குச்சாவடிக்குப் போனா, வாக்குச் சீட்டு வாங்காமல் திரும்பி வந்தா. சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கை கழுவிப்போட்டு வாறமாதிரி. அந்தக் கிழமை நீ எங்கை நிண்டனீ? நியூ யோர்க் மேயர் ஆராய் வருவார் எண்டு கூட்டாளியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டாய். அது முக்கியம்தானே. அந்த மேயர் வந்தெல்லே உனக்குக் குடியுரிமை தரப்போறார்!

வாக்கெடுப்பெண்டால் எனக்கு ஒண்டு ஞாபகம் வரும். 1982 திசம்பர் 22. ஜே. ஆர். ஜெயவர்த்தனா, தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருசத்துக்கு நீட்டலாமோ எண்டு கேட்டார். ஓம் எண்டால் விளக்குக்குப் போடோணும். இல்லையெண்டால் குடத்துக்கு. நான் வேட்டி கட்டி, விபூதி பூசி, வரிசையிலை நிண்டு குடத்துக்குப் போட்டனான். யாழ்ப்பாணமே குடத்துக்குத்தான் போட்டது. நாடு முழுக்க எண்ணினால் விளக்கு வெண்டிட்டுது. விளக்கு வெண்டது, அடுத்த வருசமே எங்கடை வீடுகளிலை இருட்டு. 83 கலவரத்தைப் பற்றி உனக்கு உன்ரை அப்பா சொல்லியிருப்பார்.

அதுதான் நான் கடைசியாய்ப் போட்ட வாக்கு, தம்பி. அதுக்குப் பிறகு நாப்பது வருசத்துக்கு மேலை. இஞ்சை குடியுரிமை கேட்டுப் பாக்கேல்லையோ எண்டு கேப்பாய். கேட்டனான். என்ரை பேர் பிறப்புச் சான்றிதழிலை ஒரு மாதிரி, பாஸ்போட்டிலை இன்னொரு மாதிரி, சொஜோர்னோவிலை மூண்டாவது மாதிரி. அப்பாவின்ரை பேரைக் குடும்பப் பேரெண்டு ஒரு கடதாசியிலை எழுதி, அடுத்ததிலை என்ரை பேரை அப்பாவாக்கி விட்டாங்கள். கந்தோரிலை இருந்த பிள்ளை நல்ல பிள்ளை; மூண்டையும் மேசையிலை பரப்பி வைச்சு, "இதிலை நீங்கள் ஆர்?" எண்டு கேட்டுது. நான் யோசிச்சுப் பாத்தன். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திட்டுது.

வாக்குக்கு இந்த ஊரிலை என்ன விலை எண்டு தெரியோணும் எண்டால் ஒரு படத்தைப் பார். 1980 ஜனவரி 6, திருநாள் அண்டைக்குக் காலமை, லிபெர்த்தா வீதியிலை. சிசிலி மாகாணத் தலைவர் பியெர்சாந்தி மத்தரெல்லாவை, கோயிலுக்குப் போகக் காரிலை ஏறி இருக்கேக்கை சுட்டாங்கள். மாகாணத்திலை ஊழலைத் துடைக்க வெளிக்கிட்டவர். தம்பிக்காரன் ஓடி வந்து தமையனைக் காருக்குள்ளை இருந்து இழுத்தெடுக்கிறார். லெத்தீஸியா பத்தாலியா எண்ட அம்மா எடுத்த படம். அந்தத் தம்பிதான் இண்டைக்கு இத்தாலியின்ரை சனாதிபதி, செர்ஜோ மத்தரெல்லா. அந்த வீதியாலை ஒவ்வொரு நாளும் நீ ஸ்கூட்டரிலை போறாய். வெள்ளை மாளிகையிலை எத்தினை அறை எண்டு சொல்லுறாய். அந்த இடத்திலை எப்பவாவது நிண்டு பாத்தியோ? இதை மட்டும் நான் பகிடியாய்ச் சொல்லேல்லை.

அரசியல் எண்டது மேடைப் பேச்சில்லை, மோனை. அது ஒரு பேரேடு. அந்தப் பேரேட்டிலை உன்ரை பேர் இருக்கோ இல்லையோ எண்டதுதான் முழு அரசியலும். 2018 இலை ரோமிலை உள்துறை அமைச்சராய் இருந்த சல்வீனி ஒரு சட்டம் கொண்டு வந்தார், தஞ்சம் கேட்டு வந்தவையை நகரசபைக் குடிப்பதிவிலை சேக்கப்படாது எண்டு. 2019 ஜனவரியிலை ஒரு சேதி வெளியிலை வந்தது, ஓர்லாந்தோ தன்ரை அலுவலருக்கு எழுதியிருக்கிறார்: அதைப் பலேர்மோவிலை நிப்பாட்டி வை எண்டு. அடுத்த வருசம் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்தத் தடை செல்லாது எண்டிட்டுது. பார், சண்டை துவக்காலையில்லை. ஒரு குமாஸ்தாவின்ரை பேனை பேரேட்டைத் தொடலாமோ தொடக்கூடாதோ எண்டதுதான் சண்டை. அதே மனிசன்ரை காலத்திலைதான் தண்ணிக் குழாய் ஒழுகினது, சவப்பெட்டி குவிஞ்சது. ஒருத்தரை ஒரேயடியாய்த் தலையிலை தூக்கவும் வேண்டாம், ஒரேயடியாய்க் கிணத்திலை தள்ளவும் வேண்டாம். கத்தரிக்காய் வாங்கிறமாதிரி, ஒவ்வொண்டாய் எடுத்துத் திருப்பிப் பாக்கோணும்.

எங்களுக்கும் 2013 இலை ஒரு சபை தந்தவை, 'கொன்சுல்த்தா'. வெளிநாட்டுக்காரர் தங்களுக்குள்ளை ஆக்களைத் தெரிஞ்செடுத்து நகரசபைக்கு ஆலோசனை சொல்லலாம். முதல் தலைவர் பலஸ்தீனத்து டொக்டர் ஒருத்தர், பிறகு நகரசபையிலை கலாசாரப் பொறுப்புக்கும் வந்தவர். நல்ல விசயம். ஆனால் ஆலோசனை சொல்லலாம், தீர்மானிக்க ஏலாது. மருமகள் வீட்டிலை என்ரை நிலைமையும் அதுதான். கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லலாம். உப்புப் போத்தலிலை கை வைக்கேலாது.

இப்ப எழும்பு. கீழை வா, என்னோடை. போனைக் கொண்டு வா, வெளிச்சம் தேவைப்படும்.

இதுதான் எங்கடை தபால் பெட்டி. ஆறு பெட்டியிலை நாலாவது. உன்ரை அப்பாவின்ரை பேர் ஒட்டியிருக்கு, பாதி உரிஞ்சு போச்சுது. திறப்புக் கறள் பிடிச்சுப் போச்சு, அதாலை நீங்கள் ஒருத்தரும் திறக்கிறேல்லை. நான் தேங்காயெண்ணெய் விட்டனான். பார், சூப்பர் மார்க்கெட் விளம்பரம், பிட்சாக் கடை விளம்பரம், போன தேர்தலிலை நிண்ட ஒருத்தரின்ரை சிரிச்ச முகம், இன்னுமொரு பிட்சாக் கடை. அடியிலை, ஓரம் மடிஞ்சு, கொமுனேயின்ரை, அதுதான் நகரசபையின்ரை, முத்திரையோடை ஒரு கடிதம். உன்ரை பேருக்கு. உன்ரை அப்பாவுக்கு வந்ததெண்டு நினையாதை, வடிவாய் வாசி. இந்த ஊரிலை ஓர் அலுவலகம் முதல்முதலாய் உன்ரை பேரை எழுதி உனக்குக் கடிதம் போட்டிருக்கு.

அதிலை என்ன கிடக்கெண்டு நான் சொல்லுறன். 1992 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு, இலக்கம் 91. வெளிநாட்டுத் தாய் தகப்பனுக்கு இத்தாலியிலை பிறந்து, பதினெட்டு வயது மட்டும் இடைவெளி விடாமல் இஞ்சை பதிவோடை இருந்த பிள்ளை, பதினெட்டு முடிஞ்சு ஒரு வருசத்துக்குள்ளை கொமுனேக்குப் போய், "எனக்கு வேணும்" எண்டு ஒரு வாக்குமூலம் குடுத்தால் குடியுரிமை கிடைக்கும். பத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு முதல். இப்பிடி ஒரு வழி இருக்கெண்டு, பதினெட்டுக்கு முந்தின ஆறு மாசத்துக்குள்ளை கொமுனே உனக்கு அறிவிக்கோணும் எண்டும் சட்டம். அறிவிச்சிருக்கினம். நாலு விளம்பரத்துக்குக் கீழை. கட்டணம் 250 யூரோ. உன்ரை காலிலை கிடக்கிற சப்பாத்து என்ன விலை? சொல்லவேண்டாம், எனக்கு நெஞ்சு வருத்தம்.

பென்சில்வேனியாவுக்கு 19 வாக்கெண்டு மனப்பாடமாய்ச் சொன்ன பெடியனுக்கு, பத்தொன்பது வயதுக்கு முதல் தனக்கு ஒரு வாக்கு வரும் எண்டு தெரியாமல் போச்சுதே? அந்தப் பத்தொன்பதை எண்ணி உனக்கு என்ன வரும்? இந்தப் பத்தொன்பதை எண்ணு.

பிறப்புச் சான்றிதழை எடு. குடிப்பதிவுச் சான்றிதழை எடு. பேர் எல்லாத்திலையும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு ஒரு எழுத்தும் விடாமல் பார். இதை அனுபவசாலி சொல்லுறன். கந்தோரிலை ஒரு கடதாசி குறையுது எண்டு சொல்லுவினம். குறையும். திரும்பப் போ. ராமுழுக்க அமெரிக்காவுக்காக முழிச்ச உனக்கு ரெண்டு காலமை பலேர்மோவுக்காக வரிசையிலை நிக்கேலாதோ?

2027 இலை இந்த ஊருக்குத் திரும்பச் சிந்தாக்கோத் தேர்தல் வரும். எனக்கு வாக்கில்லை. நான் கடைசியாய்ப் போட்டது குடத்துக்கு. உனக்கிருக்கும். ஆருக்குப் போடோணும் எண்டு நான் சொல்லமாட்டன். தண்ணி, குப்பை, சவக்காலை, இந்த மூண்டையும் கேட்டுப்போட்டுப் போடு.

அண்டைக்குப் பந்தடி இருந்தாலும் முதல் வாக்கைப் போட்டிட்டுப் போ. நானும் வாசல் மட்டும் கூட வாறன்.